குவாசூலுவைப் படிப்பிப்பது எப்படி: ஒரு பின்நேர அமர்வுக்கான வழிகாட்டி

அமர்வு தொடங்க முதல் கரும்பலகையில் 'தாயகம்' என்று பெரிதாக எழுதுங்கள். பிறகு எல்லோரும் பார்க்க அதன் குறுக்கே ஒரு கோடு போடுங்கள்.

தென்னாபிரிக்க அரசு கறுப்பின மக்களுக்கென்று வகுத்த பத்துப் பிரதேசங்களுக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரை அப்படியே தமிழாக்கினால் இந்தச் சொல்தான் வரும். நாட்டால் மாகாணத்தில் சூலு மக்களுக்கென்று வகுத்த குவாசூலு அந்தப் பத்தில் ஒன்று. யாழ்ப்பாணத்தில் அது வெறும் சொல் அல்ல. இங்கே தாயகம் என்பது மக்கள் தாங்களாகக் கேட்டது. அங்கே அது, மக்களைக் கேட்காமல் அவர்கள் தலையில் கட்டியது. கட்டிவிட்டு, 'உங்கள் நாடு அங்கே இருக்கிறது, இனி இங்கே நீங்கள் அந்நியர்' என்று சொல்லத்தான் அந்த ஏற்பாடே. இது முதல் ஐந்து நிமிடத்தில் பிடிபடாவிட்டால் மிச்ச மூன்று மணித்தியாலமும் வீண். வந்தவர்களில் பாதிப்பேர் எங்கள் கதையை வேறு பெயர்களோடு கேட்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே அமர்வு முழுக்க 'ஒதுக்குநிலம்' என்று சொல்லுங்கள். எதிர்த்தவர்கள் பாவித்த 'பாந்துஸ்தான்' என்ற பெயரும் சரி. ஆனால் 'பாந்து' என்று மக்களைச் சொல்லாதீர்கள். சூலு மொழியில் 'அபாந்து' என்றால் மனிதர்கள், அவ்வளவுதான். மொழியியலாளர் அதை ஒரு மொழிக்குடும்பத்துக்குப் பெயராக வைத்தது வேறு விடயம். இனமுத்திரையாக்கிச் சட்டத்துக்குச் சட்டம் குத்தியது அரசு. 'நிறவெறி' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். வெறி மனதில் இருப்பது. இங்கே படிக்கப்போவது சட்டப் புத்தகத்தில் இருந்ததை. 'இனவொதுக்கல்' பொருத்தமான சொல்.

வேண்டிய சாமான்கள்

சனசமூக நிலைய மண்டபம் போதும். 20 பேர் அளவான கூட்டம். 12 பேருக்குக் குறைந்தால் முதல் பயிற்சி எடுபடாது. கதிரைகளை ஓரமாக்கி 10 அடிக்கு 10 அடி வெறும் நிலம் எடுத்துக்கொள்ளுங்கள். வெண்கட்டி, அளவுநாடா, விரித்தால் மூன்றடி உயரம் வரும் மட்டைப்பெட்டி ஒன்று, மஞ்சள் கடதாசி இரண்டு தாள், குண்டூசி ஒரு பெட்டி, தபாலட்டை அளவில் வெட்டிய மட்டைகள் 20, பெரிய கடித உறை ஒன்று, பழைய துவாய் ஒன்று. கம் வாங்க வேண்டாம். மஞ்சள் துண்டுகளைக் கடைசியில் கழற்ற வேண்டிவரும்.

நூறு சதுர அடி

நிலத்தில் 10 அடிச் சதுரம் ஒன்று வெண்கட்டியால் கீறுங்கள். இதுதான் தென்னாபிரிக்கா, மொத்தம் 100 சதுர அடி. ஒரு மூலையில் 7 சதுர அடிப் பெட்டி (இரண்டடிக்கு மூன்றரை அடி) கீறி, 20 பேரில் 14 பேரை அதற்குள் நிற்கச் சொல்லுங்கள். நிற்க முடியாது, ஆளுக்கு ஆள் இடிபடுவார்கள். நிற்கட்டும். இது 1913 ஆம் ஆண்டுக் காணிச் சட்டம். மக்களில் மூன்றில் இரண்டு பங்காக இருந்தவர்களுக்கு நிலத்தில் ஏறத்தாழ 7 வீதம். எங்கள் கணக்கில், 100 பரப்புக் காணியில் 7 பரப்பு.

ஒரு நிமிடம் கழித்துப் பெட்டியை 13 சதுர அடியாக்குங்கள். எல்லோரும் மூச்சு விடுவார்கள். அந்த மூச்சைக் கவனிக்கச் சொல்லுங்கள். 1936 ஆம் ஆண்டுச் சட்டம் ஏறத்தாழ 13 வீதம் வரை கூட்டுவதாகச் சொன்னது. கொடுத்தது போலத் தெரியும். வெளியே 87 சதுர அடியில் ஆறு பேர் காலை நீட்டி நிற்பதைப் பார்த்தால்தான் கணக்கு விளங்கும்.

இங்கேயே விட்டுவிட்டால் பிழையான படம் ஒன்று மனதில் தங்கிவிடும், 14 பேரும் மூலைக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தார்கள் என்று. உண்மையில் பெருந்தொகையானோர் வெள்ளையரின் பண்ணைகளிலும் சுரங்கங்களிலும் நகரங்களிலும் வேலை செய்தார்கள். ஆகவே ஏழு பேருக்கு ஆளுக்கொரு கடதாசித் துண்டு கொடுத்து வெளியே விடுங்கள். துண்டு இருக்கும்வரை நிற்கலாம், உட்காரக்கூடாது, வீட்டாரைக் கூட்டிவரக்கூடாது, துண்டைப் பறித்தால் பெட்டிக்குள் திரும்ப வேண்டும். 1986 வரை நடைமுறையில் இருந்த அனுமதிச் சட்டம் இப்படித்தான் வேலை செய்தது. ஒதுக்குநிலம் எதற்கென்று இனி நீங்கள் விளக்கத் தேவையில்லை. 15 நிமிடத்துக்கு மேல் இதை இழுக்காதீர்கள். விளையாட்டாகிவிடும்.

ஐந்து படி ஏணி

கரும்பலகையில் ஐந்து படியுள்ள ஏணி ஒன்றைக் கீறிக் கீழிருந்து மேலே நிரப்புங்கள்.

முதற்படி 1951: குலத்தலைவர்களை அரசின் நிருவாகிகளாக்கிய அதிகாரசபைச் சட்டம். தலைவர் அரசின் சம்பளக்காரர், வேண்டாமென்றால் தூக்கிவிடலாம் என்பதற்கு அல்பேர்ட் லுத்துலியைச் சொல்லுங்கள். குரூட்வில் என்ற இடத்தின் தலைவர் அவர். தலைமைப் பதவியா, வெள்ளையர் ஆட்சியை எதிர்த்த ஆபிரிக்க தேசிய காங்கிரசா என்று அரசு கேட்டது. விட மறுத்ததால் 1952 இல் பதவி பறிபோனது. அதே ஆண்டு டிசம்பரில் காங்கிரஸ் அவரைத் தன் தலைவராக்கியது. 1960 ஆம் ஆண்டுக்கான சமாதான நோபல் பரிசும் அவருக்குத்தான்.

இரண்டாம் படி 1970, சூலு பிரதேச அதிகாரசபை. அதன் தலைமை சூலுக் குலத்தலைவர்களில் ஒருவரான மங்கோசுத்து புத்தெலேசியிடம் வந்தது. மூன்றாம் படி 1972, சட்டசபை. நாலாம் படி 1977, சுயாட்சிப் பிரதேசம். தலைநகர் முதலில் நொங்கோமா, பின்னர் உலுண்டி. ஐந்தாம் படி 'சுதந்திரம்'. அதை வெறுமையாக விட்டு, பக்கத்தில் நாலு பெயர் எழுதுங்கள்: திரான்ஸ்கை 1976, பொபுதட்சுவானா 1977, வெண்டா 1979, சிஸ்கை 1981. தென்னாபிரிக்காவைத் தவிர உலகில் எந்த நாடும் இவற்றை நாடென்று ஏற்கவில்லை.

குவாசூலு ஏன் ஐந்தாம் படியில் கால் வைக்கவில்லை? இந்தக் கேள்விதான் அமர்வின் நடுப்புள்ளி, அவசரப்படாதீர்கள். விடை 1970 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கறுப்பினத்தவரும் ஏதோ ஓர் ஒதுக்குநிலத்தின் குடிமகன் என்றது அது. ஜொகனஸ்பேர்க் பக்கத்துச் சொவெற்றோவில் பிறந்து குவாசூலுவைக் கண்ணாலும் காணாதவர், சூலு பேசுகிறார் என்பதற்காகக் குவாசூலுக்காரர். அந்த ஒதுக்குநிலம் 'சுதந்திரம்' பெற்ற அன்றே அவருடைய தென்னாபிரிக்கக் குடியுரிமை போய்விடும். திரான்ஸ்கைக்கு அதுதான் நடந்தது. நாட்டின் மிகப் பெரிய ஆபிரிக்க மொழிக்கூட்டம் சூலு. அவர்கள் ஐந்தாம் படி ஏற மறுத்ததால் முழுத் திட்டமும் நொண்டியாகிப் போனது. புத்தெலேசியைப் பற்றி யார் என்ன தீர்ப்புச் சொன்னாலும் இந்த மறுப்பை அந்தத் தீர்ப்பிலிருந்து கழித்துவிட முடியாது.

மட்டைப்பெட்டியில் நாட்டால்

விரித்த மட்டையில் நாட்டால் மாகாணத்தைக் கீறுங்கள். கிழக்கே இந்து சமுத்திரம், மேற்கே திராக்கன்ஸ்பேர்க் மலை, நடுவே மேற்கிலிருந்து கிழக்காகத் துகேலா ஆறு. ஆற்றுக்குத் தெற்கே கடற்கரையில் டர்பன், உள்ளே பீற்றர்மாரிஸ்பேர்க். வடக்கே உலுண்டி, அதற்கும் வடக்கே நொங்கோமா, எல்லையோரமாக இங்வாவுமா. வடகரையில் ரிச்சட்ஸ் பே துறைமுகம்.

மஞ்சள் கடதாசியை ஐம்பது அறுபது துண்டாகக் கிழியுங்கள். வெட்டக்கூடாது. கிழிந்த ஓரம்தான் உண்மைக்குக் கிட்ட. துகேலாவுக்கு வடக்கே உள்ளங்கை அளவுத் துண்டுகள், தெற்கே நகத்தளவுத் துண்டுகள். கரும்புத் தோட்டங்கள் இருந்த கடற்கரைப் பட்டியிலும் ரிச்சட்ஸ் பேயிலும் டர்பனிலும் ஒன்றும் குத்தாதீர்கள். அவை வெள்ளையருக்கு. டர்பனின் தெற்கு ஓரத்தில் உம்லாசிக்கு ஒன்று, வடக்கு ஓரத்தில் குவாமாஷுவுக்கு ஒன்று. டர்பனின் தொழிற்சாலைகளுக்குத் தினமும் ஆள் போன இந்த இரண்டு குடியிருப்புகளும் சட்டப்படி குவாசூலுவுக்குள்.

வழமையாக விடும் பிழை, குவாசூலுவை ஒரே மஞ்சள் கட்டியாக ஒட்டுவது. சின்னப் படங்களில் அப்படித் தெரிவதால் வருவது. உண்மையில் பல பத்துத் துண்டுகள். 1970களில் அவற்றைப் பத்தாகக் குறைக்க அரசு போட்ட திட்டம்கூட, இன்னும் மக்களைக் கிளப்பி வேறிடம் ஏற்றுவதாகத்தான் இருந்தது. குத்தி முடிந்ததும் ஒருவரை அழைத்து, உம்லாசியிலிருந்து உலுண்டிக்கு மஞ்சளைவிட்டு விரல் எடுக்காமல் போகச் சொல்லுங்கள். முதல் துண்டிலேயே விரல் நின்றுவிடும்.

வடக்கே இங்வாவுமாத் துண்டைக் கழற்றி ஒருவரின் கையில் வையுங்கள். 1982 இல் தென்னாபிரிக்க அரசு அந்தப் பகுதியைச் சுவாசிலாந்துக்குக் கொடுத்துவிடப் பார்த்தது. குவாசூலு நிருவாகம் நீதிமன்றம் போய் மறித்தது. 1984 இல் அரசு திட்டத்தைக் கைவிட்டது. துண்டைத் திரும்பக் குத்துங்கள். ஒதுக்குநில நிருவாகம் முழுப் பொம்மையும் அல்ல, முழு அரசும் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

சும்மாடு

துவாயை எடுத்து முறுக்கி வளையமாக்கித் தலையில் வைத்துக் காட்டுங்கள். கடகம் சுமந்த ஆச்சிமாரைக் கண்ட எவருக்கும் தெரிந்த சாமான். சூலு மொழியில் இதற்கு 'இன்காதா' என்று பெயர், அங்கே புல்லில் முறுக்குவார்கள். அரச குடும்பத்திடம் புனிதமான பெரிய இன்காதா ஒன்று இருந்தது. மக்களைச் சிதறாமல் சேர்த்துக் கட்டுவது அது என்று நம்பிக்கை. 1879 போரில் பிரித்தானியப் படை எரித்த அரச இருப்பிடத்தோடு அதுவும் அழிந்தது. அதே ஆண்டு ஜனவரி 22 இல் இசண்ட்ல்வானாவில் சூலுப் படையிடம் தோற்ற பிரித்தானியர், ஜூலை 4 இல் உலுண்டியில் வென்றார்கள்.

அரசர் சொலமன் காலத்தில், 1920களில், இன்காதா என்ற பெயரில் முதல் அமைப்பு தோன்றியது. ஆபிரிக்க தேசிய காங்கிரசின் முதல் தலைவரும் 'இலங்கா' பத்திரிகையைத் தொடக்கியவருமான ஜோன் டூபே அதற்குத் துணை நின்றவர்களில் ஒருவர். இதைச் சொல்லாமல் தாண்டாதீர்கள். சூலுப் பெருமையும் தென்னாபிரிக்கத் தேசியமும் பிறவிப் பகை என்ற எண்ணம் டூபேயைக் கண்டால் உடையும்.

1975 மார்ச்சில் புத்தெலேசி அந்தப் பெயரை மீண்டும் எடுத்துத் தன் இயக்கத்துக்கு வைத்தார். கறுப்பு, பச்சை, பொன் என்று காங்கிரசின் நிறங்களையே எடுத்தார். நாடுகடந்திருந்த காங்கிரஸ் தலைவர் ஒலிவர் தம்போ அதற்கு ஊக்கம் கொடுத்ததைப் பின்னர் ஒப்புக்கொண்டார். 1978 சட்டசபைத் தேர்தலில் தெரிவுக்கு விட்ட 55 இடமும் இன்காதாவுக்கு. இந்த எண்ணைச் சொல்லும்போது மூன்று விடயம் சேர்த்துச் சொல்லுங்கள்: சபையில் பெரும்பான்மை தெரிவாகாத குலத்தலைவர்கள், ஆசிரியரும் அரச ஊழியரும் இன்காதாவோடு ஒத்துப்போகும்படி நெருக்கப்பட்டார்கள், 1979 இலிருந்து பள்ளிகளில் இன்காதாவின் பாடத்திட்டமே இருந்தது. உறுப்பினர் தொகையாக அக்கட்சி சொன்ன இலட்சங்களையும் இந்த வெளிச்சத்தில்தான் வாசிக்க வேண்டும்.

துவாயைச் சுற்றி அனுப்புங்கள். சும்மாடு பாரத்தைத் தாங்கும். யாருடைய பாரம் என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்லாமல் அடுத்த பயிற்சிக்குப் போங்கள்.

கலைத்துக் கொடுக்கும் மட்டைகள்

புத்தெலேசியை வீரனாகவோ துரோகியாகவோ ஒரே மூச்சில் முடித்துவிடுவது இந்தத் தலைப்பில் நடக்கும் பெரிய விபத்து. யாழ்ப்பாணத்தில் 'துரோகி' என்ற சொல் எவ்வளவு சுலபமாக வாயில் வருமென்றும், அதற்குப் பிறகு யாரும் எதையும் படிப்பதில்லை என்றும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மருந்து ஆண்டுதான். மட்டைக்கு ஒன்றாகச் செய்தியை எழுதுங்கள், ஆண்டைப் பின்பக்கத்தில் போடுங்கள். கலைத்துக் கொடுத்து, குழுவாக வரிசைப்படுத்தச் சொல்லுங்கள்.

எழுத வேண்டியவை: காங்கிரசின் இளைஞர் அணியில் சேர்ந்து போட் ஹெயார் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டது (1950). டர்பன் தொழிலாளரின் பெரிய வேலைநிறுத்தம் (1973). இன்காதாவின் மறுபிறப்பு (1975). லண்டனில் தம்போவுடன் பேச்சு, அதோடு முறிவு (1979). காங்கிரசின் பக்கம் சாய்ந்த ஐக்கிய சனநாயக முன்னணி தொடக்கம் (ஓகஸ்ட் 1983). சூலுலாந்துப் பல்கலைக்கழகத்தில் இன்காதாவினர் தாக்கி ஐவர் கொலை (ஒக்ரோபர் 1983). கொசாற்று தொழிற்சங்கக் கூட்டமைப்பு (1985), அதற்கு எதிராக இன்காதா தொடக்கிய உவுசா சங்கம் (மே 1986). இன்காதா தெரிந்தெடுத்த ஏறத்தாழ 200 பேருக்குத் தென்னாபிரிக்க இராணுவம் நமீபியாவின் கப்ரிவியில் பயிற்சி (1986). டர்பனுக்குத் தெற்கே குவாமாக்குதாவில் ஒரு வீட்டில் 13 பேர் கொலை (ஜனவரி 1987). பீற்றர்மாரிஸ்பேர்க் பக்கத்தில் இன்காதாவுக்கும் முன்னணிக்கும் ஏழுநாட் போர் (மார்ச் 1990). இன்காதா கூட்டங்களுக்குப் பாதுகாப்புப் பொலிசார் 250,000 ராண்ட் கொடுத்தது அம்பலம் (ஜூலை 1991). ஜொகனஸ்பேர்க்குக்குத் தெற்கே பொய்பட்டொங்கில் 45 பேர் கொலை (ஜூன் 1992).

மண்டேலாவைச் சிறையிலிருந்து விடாமல் அரசோடு அரசியலமைப்புப் பேச்சில்லை என்று புத்தெலேசி நின்றதும், பொருளாதாரத் தடையையும் ஆயுதப் போராட்டத்தையும் எதிர்த்ததும் ஒரே ஆண்டுக்குள் அடங்காதவை. அவற்றுக்கு ஆண்டில்லாத மட்டை இரண்டு வைத்து, வரிசைக்கு மேலே நீளமாகப் போடுங்கள்.

வரிசை முடிந்தபின் 1979 இலும் 1983 இலும் ஒரு இடைவெளி விடச் சொல்லுங்கள். 1979 க்கு முந்தியவர், 1983 வரை நின்றவர், அதற்குப் பிந்தியவர் என்று மூன்று புத்தெலேசிகள் தெரிவார்கள். முதலாமவரைக் காட்டி மூன்றாமவரைக் காப்பாற்றுவதும் பிழை, மூன்றாமவரைக் காட்டி முதலாமவரை அழிப்பதும் பிழை. குவாமாக்குதா வழக்கில் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் மக்னஸ் மாலன் உட்படக் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 1996 இல் விடுதலையானார்கள். உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு 1998 இல் இன்காதாவின் பங்கைக் கடுமையாகவே பதிந்தது. இரண்டையும் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் யாராவது 'சூலுவும் ஹோசாவும் பட்ட சண்டை' என்பார். மட்டைப்பெட்டிக்குப் போய்ப் பீற்றர்மாரிஸ்பேர்க்கைக் காட்டுங்கள். அங்கே கொன்றவரும் செத்தவரும் சூலு. அயல் வீடு, ஒரே பள்ளி, சில இடத்தில் ஒரே குடும்பம். ஒருவர் இன்காதா, மற்றவர் முன்னணி. ஜொகனஸ்பேர்க் பக்கத் தொழிலாளர் விடுதிகளுக்கு 1990 இல் பரவியபோதுதான் அது இனச்சண்டைச் சாயம் பூசிக்கொண்டது. உறவுக்குள் விழுந்த சாவு எப்படி இருக்குமென்று இந்த ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள்.

நாட்டால் தமிழரைப் பற்றிக் கட்டாயம் கேள்வி வரும். 1860 நவம்பர் 16 இல் சென்னையிலிருந்து வந்த துரூரோ கப்பல் கரும்புத் தோட்டக் கூலிகளை டர்பனில் இறக்கியது. 1947 இல் சூமா, தாதூ, நாயக்கர் ஆகிய மூன்று வைத்தியர்கள் ஆபிரிக்க, இந்தியக் காங்கிரசுகளை இணைத்து ஒப்பந்தம் செய்தார்கள். இரண்டே ஆண்டில், 1949 ஜனவரியில், டர்பன் கலவரத்தில் 142 பேர் செத்தார்கள். 1985 இல் டர்பன் ஓரத்து இனண்டாவில் இந்தியர் வீடுகளோடு காந்தியின் பீனிக்ஸ் குடியிருப்பும் எரிந்தது. ஐந்து நிமிடம் போதும், அது தனி அமர்வுக்கான விடயம்.

ஒட்டுத்துண்டு

ஒரு தாளை நீளவாக்கில் இரண்டாக்கி 18 வரி கீறிக் கட்சிப் பெயர்களுக்கு இடம் விடுங்கள். எல்லோரும் வாங்கிப் பார்த்த பிறகு, அடியில் 19 ஆவதாக ஒரு சிறு துண்டைக் குண்டூசியால் குத்துங்கள். எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தலில், 1994 இல், நடந்தது இதுதான். தேர்தலைப் புறக்கணித்த இன்காதா சுதந்திரக் கட்சி (1990 இலிருந்து இதுதான் பெயர்) ஏப்ரல் 19 இல், வாக்கெடுப்புக்கு ஒரு கிழமை இருக்க, சம்மதித்தது. வாக்குச்சீட்டுகள் அச்சாகிவிட்டதால் அதன் பெயரும் புத்தெலேசியின் படமும் அடியில் ஒட்டப்பட்டன. நாடளவில் 10.5 வீதம், 400 இல் 43 ஆசனம். புதிய குவாசூலு-நாட்டால் மாகாணத்தில் 50.3 வீதம், 81 இல் 41. ஒரே ஒரு ஆசனப் பெரும்பான்மை. 1978 இன் 55 க்கு 55 ஐயும் இதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

ஒப்பிடுவதென்றால்

ஒப்பீட்டைக் கடைசி அரை மணித்தியாலம் வரை அனுமதிக்காதீர்கள், அதற்குப் பிறகு தடுக்காதீர்கள். மூன்று கேள்வி மட்டும் வையுங்கள்: கோட்டைக் கீறியது யார்? கோட்டுக்கு வெளியே உள்ளவரின் குடியுரிமை என்னவாயிற்று? பிரதேச நிருவாகத்தின் காசு எங்கிருந்து வந்தது? 

பெரும்பாலானோர் வடக்குக் கிழக்கோடுதான் ஒப்பிட வருவார்கள். இரண்டாம் கேள்வியை நேர்மையாகக் கேட்டால் விரல் வேறு திசையைக் காட்டும். 1970 ஆம் ஆண்டுத் தென்னாபிரிக்கச் சட்டத்துக்கு இந்தத் தீவில் கிட்ட வருவது 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். இங்கே பிறந்து உழைத்த மலையக மக்களை 'உங்கள் நாடு வேறு' என்று ஆக்கியது அது, 1964 ஒப்பந்தம் அவர்களை எண்ணிப் பங்கு பிரித்தது. 1948 சட்டத்துக்கான வாக்கெடுப்பில் யாழ்ப்பாணத் தலைவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நிற்கவில்லை என்பதையும் சொல்லுங்கள். மண்டபம் கொஞ்சம் அமைதியாகும். அதைப் பேசித் தீருங்கள்.

கலைய முதல் மஞ்சள் துண்டு எல்லாவற்றையும் கழற்றி ஒரே கடித உறைக்குள் போடுங்கள். 1994 தேர்தலுக்குச் சில நாள் இருக்க, குவாசூலுவின் நிலம் இங்கொன்யாமா நம்பிக்கைப் பொறுப்புக்கு மாற்றப்பட்டது. அப்போதைய அரசர் குட்வில் ஸ்வெலித்தினி அதன் பொறுப்பாளரானார். ஏறத்தாழ 28 இலட்சம் ஹெக்டேயர், எங்கள் வடமாகாணத்தைப்போல மூன்று மடங்கு. அங்கே குடியிருந்தவர்களின் உரிமையைக் குத்தகையாக மாற்றி வாடகை வாங்கியது சட்டவிரோதம் என்று பீற்றர்மாரிஸ்பேர்க் உயர்நீதிமன்றம் 2021 ஜூனில் தீர்த்தது. உறையின் மேல் 1994, 2021 என்று இரண்டு ஆண்டையும் எழுதி, வெறும் மட்டைக்குப் பக்கத்தில் குத்திவிடுங்கள்.